பொதுச்சுவர்

ஓதம் ஏறாமல் இருக்க மருந்தடித்து இருபது நாள் ஆகியும், தணிகாசலத்தின் கூடத்துச் சுவர் காய்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பாகம் பிரித்தபோது அண்ணனுக்கும் அவருக்கும் பொதுவாக நின்றுவிட்ட சுவர் அது. ஆறு வருடமாக இரண்டு பக்கமும் பேச்சில்லை. கொத்தனார் பாக்கியநாதன் ஈரம் பார்ப்பதற்காக பழைய பூச்சை உதிர்த்த வெறும் செங்கல்மேல் பெரிய பாலித்தீன் தாளை ஒட்டியிருந்தார். காலையில் பார்த்தால் தாளெல்லாம் காய்ந்து கிடக்க, ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு முத்து முத்தாக நீர். மூன்றாம் நாளும் அதே இடத்தில்தான்.

“மருந்து சரியாத்தான் அடிச்சிருக்கு. இது என்ன ஈரம்னு எனக்கே பிடிபடலைங்க,” என்றார் பாக்கியநாதன். “சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே அடைச்சுக்கும். சுண்ணாம்புன்னா சுவர் மூச்சு விடும். எதைப் பூசட்டும்?”

தணிகாசலம் சுவருக்கு அப்பால் கைகாட்டினார். “அந்தப் பக்கம் என்ன பூசறாங்க?”

“அங்கேயும் தாள் ஒட்டியிருக்கேன். இதே உயரத்துலதான் ஈரம். உங்க அண்ணன்கிட்ட கேட்டேன். தம்பியைக் கேட்டுட்டு வந்து பூசுன்னுட்டார்.”

பதில் சொல்ல வாயெடுத்த தணிகாசலம், கொத்தனாரை விட்டுவிட்டு, அண்ணனிடமே சொல்வதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பினார். அந்த ஈரம் சரியாக அவர் வாய்க்கு நேராக இருந்தது.