ஒரு தப்பும் இல்லாத கச்சேரி

"நாளைக்கு ஒரு தப்பு விழுந்தாலும் குழுவுல நீ கிடையாதுப்பா." பாடகர் அவன் வீட்டுக்கே வந்து, அவன் மனைவியின் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மேடையில் பேஸ் கித்தாரின் தந்தியைச் சுண்டினான். சத்தமே வரவில்லை. திரும்பி நின்று பின்மூடியைத் திறந்தால், காலையில் புதிதாகப் போட்ட பேட்டரியைக் காணோம். அது இல்லாவிட்டால் கித்தார் ஊமை. வேறு வழியின்றி ஒன்பது பாட்டுக்கும் விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றான்.

முடிந்ததும் பாடகர் அவனைக் கட்டிக்கொண்டார். "பிச்சு உதறிட்டப்பா. இனி உன்னை யாரும் அசைக்க முடியாது."

அவன் கித்தாரை உறைக்குள் போட்டான். மூன்று வருடம் உயிரைக் கொடுத்து வாசித்தது இவர்கள் யார் காதிலுமே விழவில்லையா? தினமும் கேட்கிற மனைவிக்காவது தெரிந்திருக்கும்.

"எப்படி இருந்துச்சு?" என்று வீட்டுக்குப் போகும் வழியில் அவளிடம் மெல்லக் கேட்டான்.

"எனக்கு உங்க பேஸ் மட்டும்தாங்க கேட்டுச்சு."

 வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, அவன் சாவிக்காக அவளுடைய கைப்பைக்குள் கையை விட்டான்.

சாவியோடு பேட்டரியும் வந்தது.

அவள் நிமிரவே இல்லை. "குழுவுல நீங்க இருக்கணும்ல?"