மூன்றாவது ஆள்

சைரன் ஊதி ஓய்ந்துவிட்டது. தீயணைப்பு வண்டியில் லிண்ட்சேயும் நானும் ஏறி உட்கார்ந்திருக்கிறோம். மூன்றாவது ஆளைக் காணோம்.

மூன்று பேர் இல்லாமல் வண்டி கொட்டகையை விட்டு நகரக் கூடாது. அது விதி. லிண்ட்சே எங்கள் தலைவர், விதி என்றால் விதிதான் அவருக்கு.

அவருக்கு வயது எழுபத்தாறு. வண்டி ஓட்டும் எனக்கு அறுபத்தொன்பது. சம்பளம் ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரில் தீப்பிடித்தால் ஊர்க்காரர்களேதான் போய் அணைக்க வேண்டும். ஒரு காலத்தில் சைரன் கேட்டால் இந்த வண்டியில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு நடக்கும்.

இப்போது எல்லோரும் மெல்போர்னில். என் பையன்கள் இரண்டு பேரும் அங்கேதான். அங்கே அவர்களுக்கு வீடு கிடைக்காமல் திண்டாட்டம். இங்கே வீடுகளுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாட்டம். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் மக்கள்தொகை கூடிக்கொண்டே போகிறது என்று டிவியில் சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும்.

"நோஸ்கே வீடுதானே நோரீன், எரிஞ்சுட்டுப் போவுது விடு. எப்படியும் இடிக்கணும்னு சொல்லிட்டிருந்த வீடு" என்றார் லிண்ட்சே.

கடைக்குப் போன ஊர்க்காரி தெல்மாதான் தீயைப் பார்த்திருக்கிறாள். காரை ஓட்டிக்கொண்டே லிண்ட்சேக்கு போன் செய்து, நோஸ்கே வீடு எரிகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். அவசர எண்ணுக்கு அடிக்கும் பழக்கமே எங்கள் ஊரில் பலருக்கு இல்லை. லிண்ட்சேக்கு அடித்தால் போதும்.

ஊரின் கிழக்குக் கோடியில், கூரை சரிந்து, ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு. அதற்குள் பறவைகளைத் தவிர யாரும் இல்லை. காற்றில் நெருப்பு பறந்து அறுவடை முடிந்த கோதுமைத் தாளடியில் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

வடக்குக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. எது புழுதி, எது புகை என்று கொட்டகையிலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

லிண்ட்சே மறுபடி ஆர்னெலுக்கு போன் போட்டார். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

ஆர்னெல்தான் எங்கள் மூன்றாவது ஆள். பிலிப்பைன்ஸ்காரன், பன்றிப் பண்ணையில் வேலை. எங்கள் இருவருக்கும் முன்னால் ஓடிவந்து கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, "மெதுவா வாங்க, தாத்தா பாட்டியெல்லாம் ஓடக் கூடாது" என்று சிரிப்பான். அவன் வந்த பிறகுதான் எனக்கே இந்த ஊர் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று தோன்றியது.

"அவனும் மெல்போர்னுக்குக் கிளம்பிட்டான் போலிருக்கு. எல்லாரும் ஒரே மாதிரிதான்" என்றார் லிண்ட்சே.

எனக்கும் கோபமாகத்தான் இருந்தது. அவனை நம்பினோமே.

அப்போது புழுதிக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். ஆர்னெலின் மனைவி லீசல். அந்த வெயிலில், தார் ரோட்டில், செருப்புக்கூட இல்லாமல்.

"எங்கேம்மா உன் புருஷன்?" லிண்ட்சே கத்தினார். "இவ்வளவு நேரமா சைரன் காதுல விழலையா அவனுக்கு?"

அவள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

பயிற்சி இல்லாதவள். லிண்ட்சே அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, கிளம்பு என்று எனக்குக் கை காட்டினார். மூன்று பேர் ஆகிவிட்டது. நான் வண்டியைக் கிளப்பினேன்.

ரோட்டுக்கு வந்ததும் கிழக்கே திருப்பினேன். லீசல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கே போறீங்க? எங்க வீடு அந்தப் பக்கம்!"

நோஸ்கே அண்ணன் தம்பி இரண்டு பேர். கிழக்கே பூட்டிக் கிடக்கிறது அண்ணன் வீடு. தம்பி போன பிறகு, கோதுமைக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற அவர் வீட்டில் யார் யாரோ இருந்தார்கள். இரண்டு வருடமாக ஆர்னெல் குடும்பம். எங்கள் ஊரில் யார் குடிவந்தாலும் வீட்டுக்குப் பழைய ஆள் பெயர் போகாது. நான் முப்பது வருடமாக இருக்கும் வீட்டையே இன்னும் டாக்டர் வீடு என்றுதான் சொல்கிறார்கள்.

வண்டியை மேற்கே திருப்பினேன். கிடங்குக்குப் பின்னால் தெரிந்தது புழுதி இல்லை.

"கூரை மேல நின்னு தோட்டத்துக் குழாயை வச்சுத் தண்ணி அடிக்கிறார்" என்றாள் லீசல். "இறங்குங்கன்னு கெஞ்சினேன். சைரன் ஊதிடுச்சு, இதோ வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்கன்னு சொல்லிட்டே இருக்கார். ஏன் இவ்வளவு நேரம்?"

அவனுக்காகத்தான் காத்திருந்தோம் என்று லிண்ட்சே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.