பக்கத்து இடம்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. வாசலிலேயே ரொவேனா மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள்.

“உனக்குத்தான் சமையல் நல்லா வருதே. அந்தப் பாடத்தை எடு, சுலபமா பாஸ் பண்ணிடலாம்.”

“தெரிஞ்சதையே எதுக்குடி படிக்கணும்? நானும் கணக்குப்பதிவியல்தான்,” என்றாள் லிகாயா.

“நான் எடுத்தா நீயும் எடுக்கணுமா? கிளாஸே சிரிக்கும்.”

“சரி, உன் பக்கத்துல உக்காரமாட்டேன். போதுமா?”

அதற்குள் வகுப்பாசிரியர் வந்துவிட்டார். அவர்கள் தெருவில் வளர்ந்த இளைஞர். பெரியவர்களிடம் ஆசி வாங்கும் ஊர் வழக்கப்படி, லிகாயாவின் கையைப் பணிவாக எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

“மகளைச் சேர்க்க வந்தீங்களா அத்தை?”

லிகாயா தலை குனிந்துகொண்டாள்.

“ரெண்டு பேரும் சேரத்தான் வந்தோம் சார்,” என்றாள் ரொவேனா. “அம்மாவுக்கு என் பக்கத்துலயே இடம் போடுங்க. கணக்குன்னா தூங்கிடும், நான்தான் கிள்ளி எழுப்பணும்.”