விட்டத்துப் பெட்டி

பெட்டியை இறக்கி என் கையில் கொடுத்துவிடுங்கள் என்று மாரீஸ்வரி அக்காவிடம் சொன்னேன். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

மற்ற பதினெட்டுப் பேரும் எழுத்தாளர் ஒச்சாண்டி பிறந்து வளர்ந்த வீட்டைப் பார்க்க வந்தவர்கள். மதுரை வாசகர் வட்டம், ஒரு வேன், ஒரு பேனர். காலையில் சுருளி குகைக் கோயில், அப்புறம் லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்கள், அணை கட்டிய வெள்ளைக்காரருக்கு எழுப்பிய மண்டபம். பட்டியலில் நாலாவதாக என் வீட்டுக்காரரின் வீடு.

அவர் போய் ஆறு மாதம் ஆகிறது.

இருபத்தெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய நான் அந்த வீட்டுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

வேன் நின்றதுமே அவருடைய அண்ணன் முத்துராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திராட்சைத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் மனைவி மாரீஸ்வரி அக்காதான் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

கூடத்துச் சுவரில் இருபத்து நாலு வயசு ஒச்சாண்டியின் படம். சந்தனப் பொட்டு, மாலை. வாசகர்கள் கும்பிட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

அது ஆறு மாதத்து மாலை இல்லை. தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவர் வீட்டுப் பெண்ணான என்னை அவர் கட்டிய வாரமே இந்த வீடு தலைமுழுகி, காரியம் செய்து, படத்தை மாட்டிவிட்டது. உயிரோடு இருந்த மனுஷனுக்கு இருபத்தெட்டு வருஷமாக மாலை.

படத்துக்கு மேலே, விட்டத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பலகை. அதன்மேல் தகரப் பெட்டி.

கல்யாணமாகாமல் செத்துப்போன பிள்ளைக்குத்தான் இவர்கள் வீட்டில் பெட்டி வைப்பார்கள். தை மாதம் கடைசி வெள்ளியில் அதில் புதுத்துணி வைத்துப் படையல் போடுவார்கள். கல்யாணமாகாமல் என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் இல்லாமலே போய்விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் அவர் மத்தியானம் சாப்பிட மாட்டார்.

"அங்கன எனக்குப் படையல் போடுறாக" என்பார். சாம்பிராணி வாசனை வருகிற மாதிரி மூக்கைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் எழுந்திருக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அவர் எழுதிய அத்தனை கதையிலும் இந்த வீடு வரும். பெட்டி மட்டும் வராது.

செத்த பிறகாவது அவர் என் புருஷனாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பெட்டி இறங்காமல் வேனில் ஏறுவதில்லை என்ற முடிவோடுதான் நின்றேன்.

மாரீஸ்வரி அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தார்.

திறந்தேன்.

மடிப்புக் கலையாத சட்டைகள், அடியிலிருந்து வாய்வரைக்கும்.

நான் கடையில் வளர்ந்தவள். கழுத்துப்பட்டியைப் பார்த்தே சைஸ் சொல்லிவிடுவேன். ஆக அடியில் முப்பத்தாறு. அதற்கு மேல் முப்பத்தெட்டு, வரிசையாக ஏழெட்டு. பிறகு நாற்பது. பிறகு நாற்பத்திரண்டு.

செத்தவர்களுக்கு வயது ஏறாது. ஏழு வயதில் போன பிள்ளைக்கு எழுபது வருஷம் கழித்தும் அதே சின்னப் பாவாடைதான் வைப்பார்கள். எந்த ஊரில் சாமிக்குத் தொப்பை விழுகிறது?

ஒரு சட்டையின் காலரைத் திருப்பினேன். என் அப்பா பெயர் போட்ட லேபிள்.

அந்த ஊர்க்காரனுக்கு ஒரு கைக்குட்டைகூட விற்க மாட்டேன் என்று சாகிறவரை எங்கள் முன்னால் சொன்னவர் அப்பா. மருமகனுக்கு மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் கையாலே சட்டை எடுத்துத் தருவார். பெட்டியில் இருந்த கட்டம், கோடு, பழுப்பு எல்லாம் நான் துவைத்துக் காயப்போட்டவைதான். அப்பா ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி இரண்டு எடுத்து வைத்திருக்கிறார்.

"அத்தை இருந்தமட்டும் அவுகதான் தேனிக்குப் போயி வாங்கியாந்தாக. இப்ப இவுக போறாக, உங்க தம்பிகிட்ட" என்றார் மாரீஸ்வரி அக்கா. தோட்டத்துப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த சட்டை இளநீலம். காலரைத் திருப்பினேன்.

மறுபடியும் முப்பத்தெட்டு.

அவர் நோயில் இளைத்துப்போனது வெளியே ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். போன கிறிஸ்துமஸுக்குச் சைஸை மாற்றி அனுப்பச் சொல்லி, என் தம்பி விஜய்ராஜிடம் மட்டும்தான் போனில் அழுதேன். தை வெள்ளிக்கு நாற்பத்திரண்டு என்று கேட்டு வந்த அவர் அண்ணனிடம் அவன் முப்பத்தெட்டை எடுத்து நீட்டியிருப்பான். அதற்குமேல் அங்கே யாரும் எதுவும் பேசியிருக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக்கு அவன் அனுப்பியதும் இதே இளநீலம்தான். மாசி மாதம் அதைப் போட்டுத்தான் அவரை அடக்கம் செய்தோம்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. பின்வாசல் வழியாகப் பார்த்தேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முத்துராமலிங்கம் அசையாமல் நின்றிருந்தார்.

சட்டையை இருந்தபடியே வைத்து மூடினேன். மாரீஸ்வரி அக்காவை ஸ்டூலில் ஏறச் சொல்லி, பெட்டியை நானே தூக்கிக் கொடுத்தேன்.

"மூத்தவுககிட்டச் சொல்லுங்கக்கா, சட்டை அளவா இருந்துச்சுன்னு."