அலுமினியத் தாள் சுற்றிய வாள்

ஸ்கேன் அறை வாசலில் மகள் வாளோடு நிற்கிறாள். எத்தனை தடவை பார்த்தும் அவளுக்குச் சலிக்காத கார்ட்டூன் படத்தின் வீராங்கனை வைத்திருக்கிற அதே வாள். சாயம் பூசினால் எடுபடாது, நிஜம் போலப் பளபளக்க வேண்டும் என்று அட்டையில் அலுமினியத் தாளைச் சுற்றியவர் அப்பாதான். அதுவே இப்போது வினையாகிவிட்டது. “மெட்டல் எதுவும் உள்ள போகக் கூடாதும்மா, இந்தத் தாளும் மெட்டல்தான்” என்று நர்ஸ் கை நீட்டுகிறாள். “வாள் இல்லாம அவ சண்டைக்கே போக மாட்டாளேப்பா!” மகள் அண்ணாந்து பார்க்கிறாள். அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக அப்பாவே பிரித்தெடுக்கிறார். கனத்த கதவு மூடுகிறது. உள்ளே இயந்திரம் தடதடவென்று முரசு போல அதிரத் தொடங்குகிறது. குழல்விளக்கின் வெளிச்சம் வாளில் வழுக்கி அவர் சட்டையில் நடுங்குகிறது. இரண்டு கைகளாலும் வாளை இறுகப் பிடித்தபடி, யாரை வெட்டுவது என்று தெரியாமல் அப்பா நிற்கிறார்.