பச்சைப் புள்ளி வைத்த பந்து

பந்தைப் புல்லில் வைத்தாள். பச்சைப் புள்ளி மேலே பார்க்கும்படி திருப்பினாள்.

முன்னால் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கரை இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. கோல்ஃப் திடலின் நாலாம் குழிக்குப் போகும் புல்வெளி அதன்மேல்தான் தொடங்கியது.

கணவரின் பந்துகளில் இது ஒன்றுதான் மிச்சம். தன்னுடையது என்று தெரிய, எல்லாப் பந்திலும் பச்சை மையால் ஒரு புள்ளி வைப்பார். அவர் போய் நான்கு மாதம் கழித்து, மழைக்கோட்டின் உள்பையில் இது கைக்குத் தட்டுப்பட்டது.

மற்றவை எல்லாம் ஓடைக்குள்.

பதினோரு வருடம். ஞாயிறுதோறும். அவருடைய முதல் பந்து ஒருநாளும் அந்தக் கரையைத் தாண்டியதில்லை.

சவரிமுத்து பையிலிருந்து ஒரு மட்டையை உருவி நீட்டினார். அந்தப் பதினோரு வருடமும் கணவருக்குப் பை சுமந்தவர்.

மெல்லிய இரும்புத் தலை. மூன்றாம் நம்பர்.

நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"பழக்கதோசம்மா" என்றார். "இந்த எடத்துல ஐயா வேற எதையும் தொடமாட்டாரு."

அவள் வாங்கிக்கொண்டாள். கனத்தது. கட்டைவிரல் அழுந்திய இடத்தில் பிடி தேய்ந்து வழவழத்திருந்தது.

இதை வாங்கிய அன்று அவளும் கூட இருந்தாள். சென்னையில் ஒரு மாடிக் கடை. விற்பவர் மட்டையைக் காட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எத்தனை வருடமாக விளையாடுகிறீர்கள்?

"பத்து வருஷம் இருக்கும்" என்றார் கணவர்.

பத்து வாரம்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் முன்னால் அவரைத் திருத்துவதில்லை என்பது கல்யாணமான முதல் வருடத்திலேயே முடிவான விஷயம்.

பத்து வருடக்காரருக்கு உரியதை விற்பவர் எடுத்துவந்தார். நடுவில் பட்டால் பறக்கும். இம்மி தவறினால் பந்து தரையோடு ஓடும். பக்கத்தில் வேறொரு வகை இருந்தது. தலை தடித்து, அடி அகன்று. தப்பாக அடித்தாலும் இது பந்தைத் தூக்கிவிடும் சார் என்றார்.

"அது பாட்டிங்களுக்கு" என்றார் கணவர்.

கடையே சிரித்தது. அவளும்தான்.

இந்தத் தை மாதம் தனியாக அதே கடைக்குப் போனாள். அதே கேள்வி.

"இன்னும் ஆரம்பிக்கல. அறுபத்திரண்டு வயசு. இடது மணிக்கட்டு ஒரு தரம் ஒடஞ்சிருக்கு."

விற்பவர் கைகளைக் காட்டச் சொன்னார். விரல் நீளம் பார்த்தார். முழு செட் வேண்டாம், தலை தடித்த வகையில் ஆறு மட்டை போதும் என்றார்.

எட்டு மாதம் பயிற்சித் திடலில் வலைக்கு முன்னால் நின்றாள். உள்ளங்கை கொப்பளித்தது. உடைந்தது. காய்த்தது.

"அப்பா படத்துக்குப் பக்கத்துல வச்சிரும்மா" என்றாள் மகள், பந்தைப் பார்த்து. "ஓடையில போனா வராது."

அது அவளுக்கும் தெரியும்.

நேற்றுப் பையை அடுக்கும்போது தன் ஆறோடு இந்த மூன்றாம் நம்பரையும் செருகியவள் அவள்தான். எதற்கென்று தெரியவில்லை. தெரிந்தும் இருக்கலாம்.

அதைச் சவரிமுத்துவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"பாட்டி மட்டைய எடுங்க."

அவர் சிரிக்கவில்லை. எடுத்துக் கொடுத்தார். பிறகு இடது கையை நீட்டியபடி ஒதுங்கி நின்றார். உள்ளங்கையில் இரண்டு பந்துகள். ஓடைக்குப் போகும் பந்துக்குப் பதில், தயாராக. இதுவும் பழக்கம்.

அவள் அந்தக் கையைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"அம்மா, அது ஐயா பந்து. மொதல்ல வேற ஒண்ண அடிச்சுப் பாத்துட்டு..."

"வேண்டாம். மொதப் பந்து இதுதான்."

கால்களை அகட்டினாள். பார்வை புள்ளியில் நின்றது.

சத்தம் சிறியதாகத்தான் கேட்டது. பந்து எழுந்தது. அழகாக ஒன்றும் இல்லை. வலப்பக்கம் சாய்ந்தே போனது. ஓடைக்கு மேல் போனது. கரைக்கு மேலும் போனது.

இருவரும் மரப்பாலத்தில் நடந்தார்கள்.

மேட்டின்மேல், ஈரப் புல்லில், பந்து கிடந்தது. புள்ளி ஒருக்களித்துத் தெரிந்தது.

கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போவதாகத்தான் ஏற்பாடு. தாண்டினால் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். கைக்குட்டை இடுப்பில் இருந்தது.

உருவினாள். குனிந்தாள்.

பாதியில் நின்றாள்.

ஆட்டத்தில் இருக்கும் பந்தைக் கையால் எடுக்கக்கூடாது. கிடக்கிற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் கணவர் எத்தனையோ முறை சொன்ன விதி. அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் சொன்னதில்லை.

நிமிர்ந்தாள்.

தூரத்தில் நாலாம் குழியின் கொடி காற்றில் படபடத்தது. நடுவில் ஒரு மணற்பள்ளம்.

கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகினாள்.

"சவரிமுத்து, இங்கேருந்து எனக்கு எது சரியா வரும்?"

அவர் கையில் இன்னும் அந்த இரண்டு பந்துகள் இருந்தன. அவற்றைப் பைக்குள் போட்டார்.

கொடியைப் பார்க்கவில்லை. முதலில் அவள் கைகளைப் பார்த்தார்.