கல்லைத் தேய்த்த அரை வெங்காயம்

பேருந்து நிலையத்துக்கு வெளியே அமிர்தவல்லியின் தோசை வண்டி. காலையில் வந்ததும் ஒரு பெரிய வெங்காயத்தை இரண்டாக அரிந்தாள். ஒரு பாதி பொடிப்பொடியாகி ஊத்தப்பத்தில் ஏறிவிட்டது. மறுபாதியை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, ஒவ்வொரு தோசைக்கு முன்னாலும் கல்லைத் தேய்த்தாள்.

“கூடப் பிறந்தவன் ஜம்முனு தட்டுக்குப் போயிட்டான். என் பொழப்பு உன் முதுகைத் தேய்க்கிறதா?” என்று புலம்பியது அரை வெங்காயம்.

“நீ தேய்க்கலைன்னா ஒரு தோசை எழும்பாதுப்பா,” என்றது தோசைக்கல்.

“அது சாப்பிடுறவங்களுக்குத் தெரியுமா? ஊத்தப்பம் பிரமாதம்னுதான் சொல்றாங்க. என்னைக் கடைசியில குப்பையில போடப்போறாங்க.”

வெயில் ஏறியது, கூட்டம் கலைந்தது. வெங்காயம் ஓரமெல்லாம் கறுத்துச் சுருங்கியிருந்தது. அமிர்தவல்லி மாவுப் பாத்திரத்தை வழித்து, தனக்கென்று ஒரு தோசை ஊற்றினாள். பிறகு முள்கரண்டியை எடுத்தாள். குப்பைக்கூடை பக்கத்திலேயே இருந்தது.

ஆனால் அவள் அதை உருவி, பொடியாக அரிந்து, தன் தோசைமேல் தூவித் திருப்பிப் போட்டாள்.

“காலையிலேருந்து நீ என் முதுகைத் தேய்ச்சே. இப்ப கொஞ்சம் சாஞ்சுக்கோ,” என்றது கல். வெங்காயத்திடமிருந்து சுர்ரென்று ஒரு சத்தம் வந்தது.

அமிர்தவல்லி தோசையைப் பிய்த்து, பாதியைப் பக்கத்துப் பூக்காரியிடம் நீட்டினாள்.

“சாப்பிட்டுப் பாரு அஞ்சலை. இந்த ஒரு தோசைக்காகத்தான்டி நான் தினமும் கடையே போடுறேன்.”